பிரகாசியும் சேர்ந்து செபித்த கருத்து

அற்புதமணி இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. செபமாலையில் இரண்டு பத்து மணி சொல்லி முடிப்பதற்குள் இட்லி வெந்துவிடும். மீன் குழம்பு கொதித்து இறங்க மாதா பிரார்த்தனை. மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்கிற நீளமான செபம் அது. இதைப் பெரிய பக்தி என்று அவள் நினைத்ததில்லை. மற்ற பெண்கள் வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்பார்கள், அவள் செபிப்பாள், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது மணப்பாட்டில். அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரத்தோணிக்கு அவர்தான் தலைவர். காற்று திசைமாறி வீசுகிற நாட்களில் அம்மா பிள்ளைகளை வீட்டிலிருந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் வரிசையாக முழந்தாளில் நிறுத்திவிடுவாள். "அப்பாவ இழுத்துட்டு வாரது பாயும் இல்ல, எஞ்சினும் இல்ல. நம்ம வாய்தான். தூங்காம சொல்லுங்க" என்பாள். அப்பா ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்தார். கடைசியில் வயதாகி, சொந்தக் கட்டிலில் படுத்து, சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் வாங்கி இறந்தார். ஆகவே செபத்தைப் பற்றி அற்புதமணிக்குச் சந்தேகம் எதுவும் வந்ததில்லை. உலை வைத்தால் சோறு ஆகிறது. கேட்டால் கிடைக்கிறது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கணவன் தேவதாசனும் தோணிக்காரன்தான். அம்மா செய்ததை அவளும் செய்தாள். மழைக்காலத்தில் முழந்தாள், தோணி வந்த அன்று நன்றிப் பூசை. ஒரு வருடம் தேவதாசன் போன தோணியிடமிருந்து பல நாள் தகவல் இல்லை. பாய்மரம் முறிந்து, வேறொரு தோணி கட்டி இழுத்துவர, ஆட்கள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களில் அவளுக்கு முழந்தாளில் பிளந்த தோல் பிறகு தழும்பாகவே தங்கிவிட்டது. தேவதாசன் அதோடு கடலை விட்டுவிட்டு உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காவல் வேலைக்குப் போனான். அன்று அவள் மனதில் ஒன்றை முடிவு செய்தாள். தனக்குப் பிறந்த ஒற்றை மகள் அனிஷா யாருக்காகவும் இப்படி முழந்தாளில் கிடக்கக் கூடாது.

கோயிலைச் சேர்ந்த பங்கில் உள்ள வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து அன்பியம் என்ற சிறு குழுக்களாக வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி, வேதாகமம் வாசித்து, செபமாலை சொல்லி, சுக்குக்காப்பி குடித்துக் கலைவார்கள். அந்தத் தெருவின் அன்பியத்துக்கு அற்புதமணிதான் நெடுங்காலமாகத் தலைவி. தெளிந்த குரல், புத்தகம் இல்லாமலே எல்லாச் செபமும் வரும். துக்க வீட்டில் செபம் சொல்லவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. செபமாலை தொடங்குமுன் தலைவி, "கருத்துகள் சொல்லுங்க" என்பாள். மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று ஒவ்வொருத்தியும் தன் வேண்டுதலைச் சொல்வாள். வாய்விட்டுச் சொல்ல முடியாதது என்றால், "எனக்கு ஒரு தனிக் கருத்து" என்று மட்டும் சொன்னால் போதும். என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் தன் சொந்தக் கருத்துபோல எல்லாரும் அதற்காகச் செபிக்க வேண்டும்.

கேட்கக் கூடாது என்பதால் தெரியாது என்று ஆகிவிடாது. ஒருநாள் கடைசி வீட்டு ரொசாலி, "எனக்குத் தனிக் கருத்து" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏளா, உன் தனிக் கருத்து நேத்து முக்கு வீட்டுச் சுவரப் பிடிச்சிக்கிட்டு பாட்டுல்லா பாடுனாரு" என்றாள் பிரகாசி.

வீடே சிரித்தது. ரொசாலியும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிங்க, சிரிங்க. உங்க வீட்டுக்கு வந்து பாடச் சொல்லுதேன்" என்றாள்.

பிரகாசி அற்புதமணியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். புருசன் இறந்த பிறகு தையல் மெஷினை வைத்துப் பிழைத்து ஒரே மகன் பெவினை வளர்த்தவள். அற்புதமணியை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். பெவினின் ஞானஸ்நானத்துக்கு அவனைக் கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோனதே அற்புதமணிதான். பெவின் வளர்ந்து தோணிக்குப் போனான். அவனைப் பற்றித் தெருவில் ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது.

சென்ற தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அனிஷா அடுப்படியில் வந்து நின்றாள். அவள் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

"அம்மா, நான் பெவினக் கட்டிக்கிடணும். அப்பாட்ட நீதான் பேசணும்."

அற்புதமணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "பிரகாசிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சீசன் முடிஞ்சு தோணியக் கரைல போட்டதும் சொல்லுதேன்னு சொல்லியிருக்கான்."

"தவக்காலத்துல கல்யாணப் பேச்சு எடுக்கப்பிடாது. உயிர்ப்பு ஞாயிறு கழியட்டும்."

தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பேசவே கூடாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. அது அனிஷாவுக்கும் தெரியும், அற்புதமணிக்கும் தெரியும். அனிஷா சிரித்துக்கொண்டே, "சரி, நாப்பது நாளு பொறுத்துக்கிடுதேன்" என்று போய்விட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே அற்புதமணிக்கு நெஞ்சில் ஒரு குத்தல் இருந்தது. இருந்தும் தான் வாங்கிய தவணை எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த வார அன்பியத்தில், "எனக்கு ஒரு தனிக் கருத்து. எனக்காக ஒரு நவநாள் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

அவள் தனக்கென்று எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாயைத் திறந்தவள் பிரகாசி. "ஊருக்கெல்லாம் செபிக்குதீய. உங்களுக்குன்னு இன்னிக்குத்தான் வாயத் திறந்திருக்கீய. ஒம்பது நாளு என்னக்கா, ஒம்பது மாசம்னாலும் சொல்லுவோம்" என்றாள்.

ஒன்பது நாள் மாலையும் அற்புதமணியின் வீட்டில் கூடினார்கள். பிரகாசி தையலைப் பாதியில் போட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். பகலில் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்தாள். பாய் வேண்டாம் என்று வெறும் சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டாள். அற்புதமணி முன்பாதியைச் சொல்ல, பின்பாதியைச் சொல்லும் குரல்களில் பிரகாசியின் குரல்தான் உரத்துக் கேட்டது. அத்தனை குரல்களுக்கும் அடியில் அற்புதமணி தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: 'மாதாவே, இந்தப் பையன் என் மகளைவிட்டு விலகிப் போகணும். எதையாவது செய்து இதை நிறுத்தும் தாயே.'

எதையாவது செய்து. அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சேர்க்கவில்லை. வாயில் வந்தது, ஒன்பது நாளும் அப்படியே வந்தது.

நவநாள் முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். பழைய துறைமுகத்தில் தோணியில் சரக்கு ஏற்றும்போது தூக்கு இயந்திரமான வின்ச்சில் கம்பிக்கயிறு வழுக்கி, பெவினின் வலது கையை உருளைக்குள் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. வீட்டுக்கு வந்த சில நாளில் அவன் அனிஷாவிடம் போனில் பேசினான். கயிறு பிடிக்க முடியாத தோணிக்காரனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாய், உன் வீட்டில் பார்க்கிற இடத்தில் கட்டிக்கொள் என்றான். பிறகு அவள் அழைத்தால் எடுப்பதே இல்லை. அனிஷா அம்மாவின் மடியில் விழுந்து, "நாப்பது நாளு காத்திருக்காம அன்னைக்கே பேசியிருக்கலாம்மா. பேசி முடிச்சிருந்தா இப்ப விட்டுட்டுப் போக முடியுமா அவனால?" என்று அழுதாள்.

கேட்டது கேட்டபடியே நடந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அப்பமாகிய நன்மை வாங்க வரிசை நகர்ந்தபோது அற்புதமணி எழுந்திருக்கவில்லை. முன் பெஞ்சில் இருந்து முதல் ஆளாகப் போகிறவள் உட்கார்ந்தே இருந்ததை முழுக் கோயிலும் பார்த்தது. வெளியே வந்ததும் ரொசாலி, "என்ன, காலைல காப்பி குடிச்சிட்டீயளா?" என்று கேட்டாள். வெறும் வயிற்றோடுதான் நன்மை வாங்க வேண்டும் என்பதால், அவளுக்கு வழிவிட்டுக் கேட்ட கேள்வி அது. "ஆமா, மறந்துபோய்க் குடிச்சிட்டேன்" என்றாள் அற்புதமணி. கோயில் வாசலிலேயே பொய். அடுத்த ஞாயிறும் அவள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பெரிய சாமியார் அவள் குரலைக் கண்டுபிடித்துவிடுவார் என்று, புதிதாக வந்திருந்த சின்னச் சாமியாரிடம் போய் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

சாமியார் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, ஒரு தாய் கேட்டார்னு இன்னொரு தாயோட பிள்ளை கைய எடுக்கிறவர் இல்ல கடவுள். அது விபத்து. நீங்க நினைச்சது தப்பு. அதுக்கு மனஸ்தாபப்பட்டு வருந்துங்க" என்றார். பாவத்துக்கு அபராதமாக ஐந்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்து முதலாவதைத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது. பாவம் செய்ததே இந்த வார்த்தைகளால்தான். இதே வார்த்தைகளால் அதை எப்படிக் கழுவுவது? இன்னொரு நினைப்பு அதைவிடக் கொடியது. பெவினின் கையைக் கடவுள் எடுக்கவில்லை என்றால், அப்பாவின் தோணியைக் கரை சேர்த்ததும் அவர் இல்லையா? பாய்மரம் முறிந்த தோணியில் தேவதாசன் பிழைத்து வந்தது எதனால்? அதை நம்பினால் இதையும் நம்ப வேண்டும். இதை மறுத்தால் அவள் முழந்தாளில் கழித்த காலம் முழுவதும் வீண். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் தாங்க முடியாது என்று தோன்றியது. அபராதத்தை முடிக்காமலே எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு அடுப்படியில் அவள் வாய் அசையவில்லை. தேவதாசன் சாப்பிட்டுக்கொண்டே, "என்ன, வீடு சத்தமில்லாம கெடக்கு?" என்று கேட்டான். "தொண்ட சரியில்ல" என்றாள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்தது. ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பிரகாசி அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கேக்கப்பிடாதுதான். என்னன்னு கேக்கல. ஆச்சா, ஆகலையா, அத மட்டும் சொல்லுங்க."

"எது?"

"உங்க தனிக் கருத்துதான். நான் இன்னும் விடல, பாத்துக்கிடுங்க. பெவினுக்கு ஒரு அம்பத்துமூணு மணி செபமால சொன்னா உங்களுக்கு ஒண்ணு. ஆஸ்பத்திரி வராந்தாவுலயும் சொன்னேன். நமக்குக் கஷ்டம் வந்திட்டுன்னு அடுத்தவளுக்கு ஏத்துக்கிட்டத விடலாமா?"

அற்புதமணியின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. மகன் படுத்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அந்த மகனை விலக்கச் சொல்லி இவள் மணி உருட்டியிருக்கிறாள். இன்றைக்கும் உருட்டுவாள், நாளைக்கும். எப்படியாவது அதை நிறுத்த வேண்டும். அந்த அவசரத்தில் வாயில் வந்தது இதுதான்:

"ஆச்சு, பிரகாசி. கிடைச்சிட்டு. இனிமே அதுக்குச் சொல்லாண்டாம்."

பிரகாசியின் முகம் மலர்ந்தது. மகனுக்கு அடிபட்ட பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "மாதாவே! பாத்தீயளா, நான் சொல்லல?" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது அற்புதமணிக்கு அடுத்த அன்பியக் கூட்டத்தில்தான் புரிந்தது. ரொசாலி வீட்டில் கூட்டம். பிரகாசி ஒரு கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கி வந்திருந்தாள். செபம் தொடங்குமுன் எழுந்து நின்று, "அக்காவோட கருத்து நிறைவேறிட்டு. அதுக்கு நன்றியா இன்னிக்கு முதல் பத்து மணிய நான் சொல்லுதேன்" என்றாள். தரையில் முழந்தாளிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, நாங்க கேட்டதத் தந்தீர், உமக்கு நன்றி" என்று தொடங்கினாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மகனின் மூன்று விரலுக்குத் தாய் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அற்புதமணியால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. கையில் கொடுத்த மக்ரூனை மெல்லவும் முடியவில்லை. அது உள்ளங்கையிலேயே பொடிந்தது.

மறுநாள் காலை வேலையை முடித்துவிட்டுப் பிரகாசி வீட்டுக்குப் போனாள். பெவின் கட்டு மாற்றப் போயிருந்தான். பிரகாசி மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. ஒரு ஓட்டு ஓட்டிக்கிடுதேன், இருங்க."

"நிறுத்து பிரகாசி. நான் சொல்லுததக் கேட்டுட்டு அப்புறம் ஓட்டு."

நின்றுகொண்டே சொன்னாள். அனிஷா அடுப்படியில் வந்து கேட்டதிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல், தனக்குச் சாதகமாக எதையும் மாற்றாமல் சொன்னாள். 'எதையாவது செய்து' என்ற சொல்லையும் சொன்னாள். குழாயடியில் 'கிடைச்சிட்டு' என்றது எதைப் பற்றி என்றும் சொன்னாள். பிரகாசியின் கால் மெஷின் மிதியின்மேல் அப்படியே இருந்தது.

பிரகாசி, "பெவினுக்கும் அனிஷாவுக்கும்..." என்றாள். "என் மகன் என்ட்ட சொல்லவே இல்ல. கைக்குத்தான் அழுதான்னுல்லா நினைச்சேன்."

"மன்னிச்சிரு பிரகாசி. உன் பிள்ள கைய நான்தான்..."

"பேசாம இருங்க." குரல் உயரவில்லை. "கைய எடுத்தது வின்ச்சு. கம்பி பிஞ்சி கெடக்குன்னு அவன் முந்தியே சொல்லிட்டுத்தான் இருந்தான். அத உங்க தலைல போட மாட்டேன். அந்த அளவுக்கு உங்க வாய்க்குச் சக்தி கிடையாது."

பிரகாசி ஜாக்கெட்டை மெஷினிலிருந்து உருவி மடியில் வைத்தாள்.

"நீங்க மாதாட்ட கேட்டீய. சரி. பெத்தவ கேப்பா. நான் ரெண்டு வீடு தள்ளி இருக்கேனே, என்ட்ட ஏன் கேக்கல? 'ஏளா, தோணிக்காரனுக்குக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு'ன்னு ஒரு வார்த்த சொன்னா எனக்குப் புரியாதா? நானும் தோணிக்காரன் பொண்டாட்டியாத்தான இருந்தேன்? நானே அவனக் கூப்பிட்டு, ஏலே, கரைல ஒரு வேல பாரு, அப்புறம் பேசுவோம்னு சொல்லியிருப்பேனே." அவள் மூச்சு வாங்கினாள். "அத விட்டுட்டு என்னையே முட்டுப்போட வச்சீயளே. ஒருசந்தி இருந்தேனே நான். அது மாதா செஞ்சதும் இல்ல, வின்ச்சு செஞ்சதும் இல்ல. அது நீங்க செஞ்சது."

"ஆமா" என்றாள் அற்புதமணி.

"அனிஷாட்ட சொல்லிட்டீயளா?"

"இல்ல."

"நான் சொல்லப் போறதில்ல. பெவின்ட்டயும் சொல்ல மாட்டேன், அவன் தாங்க மாட்டான். அனிஷா சொல்லட்டும், அவளுக்குத் தோணுச்சின்னா. ஆனா அவட்ட நீங்க சொல்லணும்."

பிரகாசி ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு மிதித்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. அற்புதமணி வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தாள். "போயிட்டு வாரேன்" என்றாள். பிரகாசி தலையை நிமிர்த்தவில்லை.

தெருவில் இறங்கி நடக்கையில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இத்தனை நாளும் மாதா கேட்டாளா, கேட்கவில்லையா என்றே மனதைப் போட்டுக் குடைந்திருக்கிறாள். பிரகாசி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனுசியின் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பயந்து சுரூபத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்டோம் என்பதைத்தான் அவள் எடுத்துக் காட்டியிருக்கிறாள். இது தெரிந்ததால் பாரம் குறையவில்லை. முன்பு பாதிப் பாரமாவது மாதாவின் பக்கம் இருந்தது. இப்போது அதுவும் இவள் பக்கம் வந்துவிட்டது.

அன்று மாலை வழக்கம்போலத் தேவதாசன் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிப் பாயை விரித்தான். அனிஷா ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு முழந்தாளிட்டாள். பெவின் பேசாமல் போனதிலிருந்து அவள் கருத்து எதுவும் சொல்வதில்லை. வெறுமனே மறுமொழி சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள்.

"தொடங்கு" என்றான் தேவதாசன்.

அற்புதமணி முழந்தாளிடவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"செபம் அப்புறம் சொல்லலாம். முதல்ல உன்ட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவும் கேக்கட்டும்."

சொன்னாள். காலையில் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. அனிஷா தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தவக்காலத்தைச் சொல்லி வாங்கிய தவணை எதற்கு என்று வந்த இடத்தில் மட்டும் ஒருமுறை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். தேவதாசன் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டான். முடித்தபோது மெழுகுதிரி பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

அனிஷா எழுந்து உள்ளே போனாள். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கடந்து, வாசலில் அப்பாவைக் கடந்து, தெருவில் இறங்கினாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதைத் தேவதாசன் பார்த்தான். அவன் திரும்பி வந்து மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "பிரகாசி வீட்டுக்குத்தான் போறா" என்றான்.

அவனும் பாயில் முழந்தாளிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அற்புதமணி மட்டும் மெல்ல எழுந்து முழந்தாளிட்டு, சின்னச் சாமியார் கொடுத்த அபராதத்தை முதலிலிருந்து தொடங்கினாள். எந்தக் கருத்தையும் வைக்கவில்லை. மறுபாதியைச் சொல்ல அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காததால், இரண்டு பாதியையும் அவளே சொன்னாள்.